கருவேலங்காட்டில் நின்றவர் யார்?

மேற்கே கதிரவன் செம்பஞ்சுக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு இறங்கிப்போக, கிழக்கே பனங்காட்டின் பின்னாலிருந்து முழுமதி தன் நெற்றியை மட்டும் நீட்டிப் பார்க்க, இரண்டின் ஒளியும் நடு ஆற்றில் ஒன்றோடொன்று கலந்து, வெள்ளாறு மேலே செம்பாகவும் கீழே வெள்ளியாகவும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதிகமில்லை. குதிரைக்கு வயிறு நனையும், மனிதனுக்கு மார்பு நனையும், அவ்வளவுதான். நாணற்பூக்கள் அசையாமல் நின்றன. காற்றுக்கூட, நாளை விடிந்தால் இங்கே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துதானோ என்னவோ, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

வடகரையில் ஒரு சேனை. தென்கரையில் ஒரு சேனை. இரண்டும் அயலார் சேனையாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை, வாசகர்களே! வடகரையில் கூடாரமிட்டிருந்தவர் மூத்த அரையர். தென்கரையில் இருந்தவர் அவர் உடன்பிறந்த இளைய அரையர். தந்தையின் சிதைச் சாம்பல் சூடு தணியுமுன்னே இருவரும் நாட்டை வகிர்ந்தார்கள். கோட்டைகளை வகிர்ந்தார்கள், யானைகளை வகிர்ந்தார்கள். அதோடு நின்றார்களா? ஆடி பிறந்ததும் முந்நூற்றுவரையும் வகிர்ந்தார்கள்.

முந்நூற்றுவர் என்றால் யார் என்று அந்நாளில் வெள்ளாற்று நாட்டில் தொட்டில் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். முந்நூறு குதிரை, முந்நூறு வீரர். மூன்று தலைமுறையாக ஒரே லாயம், ஒரே கொப்பரைக் கொள்ளு, ஒரே முரசு. அப்படைக்குக் கல்லில் வெட்டிய புகழ் கிடையாது. ஓலையில் எழுதிய வரலாறும் கிடையாது. அவர்கள் வரலாறு அவர்கள் வாயில் இருந்தது. ஒவ்வொரு மாலையும் குதிரைக்குக் கொள்ளு வைக்குமுன் முரசு கொட்டி, அந்தப் படை பார்த்த போர்களை முதலிலிருந்து வரிசையாகக் கேட்பார்கள்: இன்ன இடத்தில் நின்றவர் யார்? அந்தப் போரில் நின்றவனோ, நின்றவனிடம் கையடித்து அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டவனோ எழுந்து, "நான் நின்றேன்" என்று சொல்லி, உடன் விழுந்தவர் பெயர்களைச் சொல்லவேண்டும். அதற்கு 'நின்ற சொல்' என்று பெயர். மாலைக்கு மும்முறையாகத் தொடர்ந்து மூன்று மாலை கேட்டும் பதில் சொல்ல ஆளில்லை என்றால் அந்தப் போர் வரிசையிலிருந்து உதிர்ந்துவிடும். பிறகு யாரும் அதைச் சொல்லக்கூடாது. அதில் செத்தவன் அன்றுதான் முழுவதும் செத்தான் என்று கணக்கு.

இப்போது நூற்றைம்பதுபேர் வடகரையில். நூற்றைம்பதுபேர் தென்கரையில். படை பிளந்து அது மூன்றாம் மாலை.

அந்த அந்தி மயக்கத்தில் தலையில் ஒரு பெரிய புற்கட்டோடு ஒருவன் வடக்கிலிருந்து தெற்காக ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான். அரையில் அழுக்குத் துணி, முகத்தில் சேறு, கழுத்தில் வியர்வை. பார்த்தால் புல்லறுத்துப் பிழைக்கிறவன். ஆனால் தலைச்சுமைக்குப் பழகியவன் கழுத்தை நிமிர்த்தி இடுப்பால் நடப்பான். இவனோ கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தோளால் நடந்தான். சுமந்தவர் கண்ணுக்கு அது தப்பாது. நல்லவேளையாகத் தென்கரைக் காவலர் எவரும் சுமந்தவர் அல்லர்.

அவன்தான் மாடலன், வடகரை நூற்றைம்பதுபேருக்கும் தலைவன். மடியில் ஒரு பையில் இடித்துப் பொடித்த எட்டிக்கொட்டை வைத்திருந்தான்.

அன்று நண்பகல் மூத்த அரையர் தம் கூடாரத்தில் அவனைத் தனியே அழைத்துச் சொன்ன சொற்கள், ஆற்று நீரைவிடக் குளிர்ச்சியாக இன்னும் அவன் காதில் ஓடிக்கொண்டிருந்தன.

"மாடலரே, நாளை விடிந்ததும் உம்முடைய நூற்றைம்பதுபேரும் உம்முடைய நூற்றைம்பதுபேரையே வெட்டுவார்கள். எத்தனைபேர் மிஞ்சுவார்கள் என்று எண்ணிப் பார்த்தீரா?"

"எண்ணாமல் இருக்க முடியவில்லை, அரசே."

"குதிரை செத்தால் மனிதன் பிழைப்பான். தென்கரைக் கொள்ளுக் கொப்பரையில் ஒரு கைப்பிடி விழட்டும். குதிரையில்லாத என் தம்பி நாளை காலையிலேயே பணிந்துவிடுவான். ஒரு தலைகூட உருளாது. அந்த லாயத்தின் வழி தெரிந்த ஒருவன் வேண்டும்."

அவர் நீட்டிய பையை மாடலன் வாங்கி மடியில் வைத்தான். பிறகு, "வேறு யாரையும் அனுப்பவேண்டாம். இந்தப் பழியை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு என்னால் உண்ண முடியாது. நானே போகிறேன்" என்றான். புறப்படுமுன் தன் ஆட்களிடம், "நான் திரும்பும்வரை கொள்ளு வைக்கவேண்டாம். நிலா பனந்தலைக்கு ஏறியும் வரவில்லை என்றால் நீங்களே கொள்ளு வைத்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

குதிரை செத்தால் மனிதன் பிழைப்பான்! இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிக்கொண்டுதான் அவன் ஆற்றைக் கடந்தான். பிழைக்கவேண்டிய மனிதர்களில் ஒரு பெண்ணும் இருந்தாள். பெயர் ஆவுடைநங்கை. முரசறையும் நக்கனாரின் மகள். தந்தை இறந்தபின் அத்தனை போர்களின் வரிசையும் மனப்பாடமாக அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. ஆகவே முரசு அவள் கைக்கு வந்தது. அந்தக் கைக்கு ஆனித் திங்களில் மணக்காப்பு அணிவிப்பதாக மாடலன் சொல்லியிருந்தான். வைகாசியில் அரசர் இறந்தார். படையைப் பிரித்தபோது அவள் தெற்கே போனாள்.

"யாரங்கே?"

"புல்லு, ஐயா."

"இந்த நேரத்திலா? புல்லைக் கொண்டு வந்தீரா, இல்லை புல்லுக்குள்ளே படுத்துத் தூங்கிவிட்டு வந்தீரா?"

கேட்டவன் கொள்ளு வேகவைக்கும் தாழி. அவன் பெயர் தாழி, அவன் வயிறும் தாழி. பெற்றவர்கள் முன்னறிந்து வைத்தார்கள் என்று படையில் ஒரு பேச்சு உண்டு. நல்லவேளை, அவனுக்கு மாலைக்கண்.

"வழியெல்லாம் காவல், அண்ணே. ஒவ்வொருத்தனும் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறான்."

"பார்ப்பான் பார்ப்பான். நாளைக்குச் சண்டையில் இந்தக் கண்ணைக் காணோம் பாரும். போடும், அந்தக் கொப்பரைக்குப் பக்கத்தில் போடும்."

கொப்பரை! மாடலன் தேடி வந்த இடத்தை அவனே காட்டிவிட்டான். ஆறு கொப்பரைகளில் கொள்ளு கொதித்து அடங்கி, ஆவியும் மணமுமாக வரிசையாக நின்றது. அப்பால் தறிகளில் நூற்றைம்பது குதிரைகள். அவற்றில் பாதிக்குமேல் அவன் கையால் கடிவாளம் பழகியவை. அவன் கட்டை இறக்கி, பிரித்து, கை பழகிய பழக்கத்தில் ஒருமுறை உதறி, விரல்விட்டு முள் தேடினான். பிறகு யாரும் பாராத ஒரு கணத்தில் மடிக்குள் கையை விட்டான். பை தட்டுப்பட்டது.

அப்போது முரசு ஒலித்தது.

அந்த ஒலியை எப்படிச் சொல்வது! கோயில் மணிக்குப் பசுக்கள் தலை தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நூற்றைம்பது குதிரைகளும் ஒரே சமயத்தில் கழுத்தை உயர்த்தின. நூற்றைம்பது வீரர்களும் செய்த வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்து தத்தம் குதிரையின் இடப்பக்கம் நின்றார்கள். பேச்சு அற்றது. தாழிகூட அகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். நிலவொளியில் முரசு மேடைமேல் ஆவுடைநங்கை நின்றாள். அவள் தலைமயிர் முடியப்படாமல் தோளில் கிடந்தது. கையில் கோல்.

"தொண்டித் துறையில் மரக்கலத்திலிருந்து முதல் நாற்பது குதிரையை நீந்தவைத்துக் கரையேற்றி நின்றவர் யார்?"

"என் பாட்டன் நின்றான். சொல்லை வாங்கியவன் நான். உடன் மூழ்கியவர் இருவர்: கடம்பன், ஏறன்." குரல் கூட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எழுந்தது.

"உவர்மணல் வெளியில் மூன்று பகல் நீரின்றி நின்றவர் யார்?"

"நான் நின்றேன்." நரைத்த தாடிக்காரர் ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார். பிறகு இன்னொன்று. பதினேழு பெயர் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் முரசு ஒருமுறை அதிர்ந்தது.

மாடலன் ஆயிரம் மாலைகள் இதைக் கேட்டவன். ஆனால் வரிசைக்குள் நின்று கேட்டவன். வெளியே, சேறு பூசிய முகத்தோடு, மடியில் நஞ்சோடு நின்று கேட்பது இதுதான் முதல்முறை. மலையடியில் வாழ்பவனுக்கு மலை தெரியாது என்பார்கள். அவன் இன்றுதான் விலகி நின்று பார்த்தான்; அது எத்தனை உயரம் என்று கண்டு அவன் உடல் சிலிர்த்தது.

"கருவேலங்காட்டில் நின்றவர் யார்?"

பதில் இல்லை.

கருவேலங்காட்டில் ஒன்பதுபேர் நின்றார்கள். அரசர் ஆற்றைக் கடந்து தப்பும்வரை, முள்ளுக்கும் அம்புக்கும் நடுவே, ஒரு முழு நண்பகல். எட்டுப்பேர் அங்கேயே விழுந்தார்கள். மிஞ்சியவன் ஒருவன். எட்டுப்பேரில் கடைசியாக விழுந்தவன் பூவணன், ஆவுடைநங்கையின் தமையன். கடைசி மூச்சில் அவன் மாடலனின் கையைப் பிடித்து, "வரிசையில் என்னை விட்டுவிடாதே, மச்சான்" என்றான்.

"கருவேலங்காட்டில் நின்றவர் யார்?"

அவள் குரல் நடுங்கவில்லை. கோல் முரசின்மேல் ஓங்கியபடியே நின்றது. மூன்றாம் மாலை! மாடலனுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? நாளைப் போரையே எண்ணிக்கொண்டிருந்தவன், தன்னைத் தவிர வேறு எவரும் சொல்ல முடியாத சொல் ஒன்று தென்கரையில் அனாதையாகக் கிடப்பதை எண்ணவே இல்லை. இன்னும் ஒருமுறை கேட்பாள். பிறகு பூவணன் இல்லை. எட்டுப்பேரும் இல்லை. வாயைத் திறந்தால் தான் இல்லை.

"கருவேலங்காட்டில்..."

"நான் நின்றேன்!"

ஒற்றன் என்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்த ஒற்றன் உலகில் வேறு எவனாவது உண்டா என்று நமக்குத் தெரியாது. மாடலனின் குரல் மணல்வெளியெங்கும் போய் முட்டித் திரும்பியது. எட்டுப் பெயரையும் சொன்னான், ஒன்றும் பிசகாமல். கடைசிப் பெயர் பூவணன். அதை மேடையை நோக்கிச் சொன்னான். முரசு எட்டுமுறை அதிர்ந்தது. எட்டாவது அதிர்வு நெடுநேரம் அடங்கவில்லை.

அதன்பிறகுதான் வாள்கள் உருவப்பட்டன.

"மாடலனா!" தென்கரைத் தலைவர் ஏனாதி கோளரி, வேங்கை உடம்பும் வெண்கல மணிக் குரலும் உள்ளவர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "வடகரைத் தலைவருக்குப் புல்லுக்கட்டு எதற்கு? மூத்த அரையர் உணவுக்கு இதைத்தான் கொடுக்கிறாரோ?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு உடனே அடங்கியது.

"ஏனாதியாரே, எனக்கு இவர் கட்டை இறக்கியபோதே தெரியும்" என்றாள் ஆவுடைநங்கை மேடையிலிருந்து. "கூலிக்குப் புல் சுமப்பவன் கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்வான். இவர் பிரித்து உதறி முள் பார்த்தார். முள் பார்ப்பது குதிரைக்காரன் கை."

"தெரிந்துமா கத்தாமல் இருந்தாய், பெண்ணே?"

"கத்தியிருந்தால் பிடித்து வெட்டியிருப்பீர்கள். என் அண்ணன் பெயரைச் சொல்ல ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?" அவள் மாடலனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் காதலும் இருந்தது; காதலைவிடக் கூர்மையான ஒன்றும் இருந்தது. "சொல்வீரா மாட்டீரா என்று எனக்கும் தெரியவேண்டியிருந்தது. சரி, சொல்லிவிட்டீர். இப்போது எதற்காக வந்தீர் என்பதையும் சொல்லும்."

மாடலன் மடியிலிருந்த பையை எடுத்து மணலில் போட்டான்.

"எட்டிக்கொட்டை. உங்கள் கொள்ளில் கலக்க வந்தேன். குதிரை செத்தால் நீங்கள் எல்லோரும் பிழைப்பீர்கள் என்றார்கள். நானும் நம்பினேன். முரசு கேட்கும்வரை நம்பினேன்."

கூட்டத்திலிருந்து எழுந்தது கோபக் கூச்சல் அல்ல, ஒரு முனகல். தாழி ஓடிப்போய் ஆறு கொப்பரைக்கும் முன்னால் கையை விரித்துக்கொண்டு, பெற்ற பிள்ளைகளைக் காப்பவன்போல் நின்றான். "அடப்பாவி! அண்ணே என்று வேறு கூப்பிட்டாயே!" என்று அழுதான்.

எல்லோரும் கோளரியின் வாளைப் பார்த்தார்கள். அது உயரவில்லை. அந்த வேங்கை உடம்பு, கண்ணெதிரே, அடிமரத்தில் செல்லரித்த தேக்கைப்போல ஆடியது.

"இதே பை," என்றார் அவர். குரலில் வெண்கலம் இல்லை. "இதே நஞ்சு. இதே சொற்களை இளைய அரையர் எனக்கும் சொன்னார். குதிரை செத்தால் மனிதன் பிழைப்பான் என்று. என் ஆள் வைக்கோல் வண்டியோடு இன்று பிற்பகலே வடகரைக்குப் போய்விட்டான். உங்கள் கொப்பரையில் இந்நேரம் விழுந்திருக்கும்."

தாயிடம் ஒரே முலையில் பால் குடித்த இருவருக்கு ஒரே நாளில் ஒரே பாதகம் தோன்றியிருக்கிறது! பகைவர்களிடம் இல்லாத ஒற்றுமை அல்லவா இது?

மாடலன் மட்டும் நிலவைப் பார்த்தான். அது பனையின் கழுத்துவரை வந்திருந்தது.

"நிலா தலைக்கு ஏறியதும் கொள்ளு வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்! என் குதிரைகள்... ஏனாதியாரே, என் தலை எங்கே போகப்போகிறது, பிறகு வெட்டிக்கொள்ளலாம். ஒரு குதிரை கொடுங்கள்!"

"ஒரு குதிரையா?" கோளரி வாளை மணலில் குத்தி நிறுத்தினார். திரும்பித் தம் படையைப் பார்த்து, "வேலும் வாளும் இங்கேயே கிடக்கட்டும்! சேணம் வேண்டாம்! ஏறுங்கள்!" என்று முழங்கினார்.

பிறகு நடந்ததைக் கண்டவர்கள் சாகும்வரை வேறெதையும் பெரிதாகச் சொல்லவில்லையாம். நூற்றைம்பது குதிரைகள் ஒரே பாய்ச்சலில் வெள்ளாற்றில் இறங்கின. நிலா நொறுங்கிற்று. நீர் இரண்டாள் உயரம் எழுந்து வெள்ளிச் சுவராக நின்று பின் விழுந்தது. முன்னே மாடலன். அவன் பின்னால் முரசை மடியில் ஏந்திக்கொண்டு, அதே குதிரையில் ஆவுடைநங்கை.

வடகரையில் ஊதுகொம்பு அலறியது. வில்லாளிகள் முழந்தாளிட்டார்கள். நூற்றுக்கணக்கான அம்புமுனைகள் நிலவில் மினுங்கின.

"எய்துவிடுவார்கள்," என்றான் மாடலன்.

"எய்யட்டும். நீர் குனிந்துகொள்ளும், எனக்கு அடிக்க இடம் வேண்டும்" என்று சொல்லி அவள் முரசில் கோலை இறக்கினாள்.

கொள்ளு முரசு! கரையிலிருந்த வடபடைக் குதிரைகள் நூற்றைம்பதும் அதைக் கேட்டன. மூன்று நாளாக அருகில் கேட்காத நக்கனார் வீட்டு முரசு. கூரிய கனைப்பு ஒன்று எழுந்தது. பிறகு அது நூற்றைம்பதாயிற்று. தறிகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. கயிறுகள் அறுந்தன. கொப்பரைப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்த குதிரைகளெல்லாம் கொப்பரையை விட்டுவிட்டு, கூடாரங்களை மிதித்து, வில்லாளிகளின் நடுவே புகுந்து, ஆற்றை நோக்கி ஓடிவந்தன. அவற்றின் பின்னால் கடிவாளத்தைப் பிடிக்க அவற்றின் வீரர்கள் ஓடிவந்தார்கள். எவன்மேல் எய்வது? எதன்மேல் எய்வது? வில்கள் தாமாகத் தாழ்ந்தன.

மாடலன் கரையேறி நேரே கொப்பரைகளிடம் போனான். முதல் அகப்பை அப்போதுதான் தொட்டியில் விழுந்திருந்தது. தொட்டியைக் காலால் தள்ளினான். ஆறு கொப்பரையையும் தோள்கொடுத்துக் கவிழ்த்தான். கொதித்த கொள்ளு அவன் கையைச் சுட்டது. அவன் அதை உணரவேயில்லை. நிமிர்ந்தபோது எதிரே மூத்த அரையர் நின்றார், தீவட்டிகள் சூழ.

"மாடலரே! எதிரிப் படையை என் பாசறைக்குள் அழைத்து வந்தீரா?"

"ஆயுதமில்லாத படையை அழைத்து வந்தேன், அரசே. தாங்கள் எனக்குக் கொடுத்த பையைத் தங்கள் தம்பியாரும் கொடுத்தனுப்பியிருக்கிறார். அது இந்தக் கொள்ளில் கிடக்கிறது."

அரையர் மணலில் ஆவிவிடும் கொள்ளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகப் பார்த்தது. அதற்குள் அதிகாரம் அதை விழுங்கிவிட்டது. "நல்லது. இப்போது முந்நூறும் என் கரையில் இருக்கிறது. விதி என் பக்கம்! முந்நூற்றுவரே, குதிரை ஏறுங்கள்! இக்கணமே ஆற்றைக் கடந்து தாக்குங்கள்!"

எவரும் அசையவில்லை. முந்நூறுபேரும் மாடலனைப் பார்த்தார்கள். மாடலன் கோளரியைப் பார்த்தான். கோளரி தம் குதிரையிலிருந்து இறங்கினார். அவரைப் பார்த்து அவர் ஆட்கள் இறங்கினார்கள். குளம்பு மணலில் புரளும் ஓசை ஒன்றே கேட்டது.

"குதிரை செத்தால் மனிதன் பிழைப்பான் என்றீர்கள், அரசே," என்றான் மாடலன். "அதற்குக் குதிரை சாகவேண்டியதில்லை. நாங்கள் இறங்கினால் போதும். தொண்டித் துறையில் மூழ்கியவர்கள்மேல் ஆணை, கருவேலங்காட்டில் விழுந்தவர்கள்மேல் ஆணை! தாங்களும் தங்கள் தம்பியாரும் ஒரே இலையில் கைநனைக்கும் நாள்வரை முந்நூற்றுவரில் ஒருவனும் குதிரை ஏறமாட்டான்."

"நீ என் உப்பைத் தின்றவன்!"

"தின்றேன். அதனால்தான் தங்களை விட்டு ஓடவில்லை. நடக்கிறேன்."

அவன் கடிவாளத்தைப் பிடித்து ஆற்றை நோக்கித் திரும்பினான். ஆவுடைநங்கை கீழே இறங்கி, முரசை இடுப்பில் ஏந்திக்கொண்டு, குதிரையின் மறுபக்கம் நடந்தாள். "ஆனித் திங்கள் போய்விட்டது, மாடலரே," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "ஆடியில் எவரும் காப்பு அணிவிப்பதில்லை. ஆவணிவரை நடப்பீரா?"

"நடப்பேன்."

வெள்ளாற்றின் நடுவே நீண்டதொரு மணல்திட்டு உண்டு. இரு கரையிலும் இரண்டு சேனைகள் வாய் பிளந்து பார்த்து நிற்க, வெறும் முதுகுடைய முந்நூறு குதிரைகளை முந்நூறு மனிதர்கள் கையில் பிடித்துக்கொண்டு, முழுநிலவின் கீழ், அந்தத் திட்டை நோக்கி நடந்து இறங்கினார்கள். அவர்களைத் தடுக்க அம்பும் பறக்கவில்லை, ஆணையும் எழவில்லை. அப்போது தென்கரையில் தீவட்டிகளோடு ஓடிவந்த இளைய அரையரின் குரல் தண்ணீரின்மேல் தனியாகக் கேட்டது:

"அண்ணா! அங்கே என்ன நடக்கிறது, அண்ணா?"

முடிசூடும் ஆசை வந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத சொல் அது. வடகரையில் மூத்த அரையர் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு தீவட்டிக்காரனிடமிருந்து தீவட்டியைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, துணைக்கு ஒருவரும் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றித் தண்ணீரில் கால் வைத்தார்.